கழிமுகம் தொட்டுக் கழிமுகம்: பூம்புகார் முதல் கோடிக்கரை வரை ஒரு கடலோர மரபுச் சுற்றுலா – மதிப்பீடு

பூம்புகாரில் தொடங்கித் தரங்கம்பாடி, காரைக்கால், நாகூர், நாகப்பட்டினம், வேளாங்கண்ணி வழியாகக் கோடிக்கரை வரை செல்லும் இரண்டு நாள் வேன் சுற்றுலா ஒன்றைப் பற்றிய மதிப்பீடு இது. மயிலாடுதுறையில் காலையில் ஏற்றிக்கொண்டு மறுநாள் இரவு நாகப்பட்டினம் ரயில் நிலையத்தில் இறக்கிவிடுகிறார்கள். பன்னிரண்டு பேர் அமரும் குளிரூட்டப்பட்ட வேன், ஓர் இரவுத் தங்கல், உணவு, நுழைவுக் கட்டணங்கள், வழிகாட்டி எல்லாம் சேர்த்து ஒருவருக்கு 6,500 ரூபாய். நடத்துவது அந்தப் பகுதியைச் சேர்ந்த ஒரு சிறு நிறுவனம். கீழே குறைகளும் நிறைய வருவதால் பெயரைத் தவிர்க்கிறேன். இதே வழியில் வேறு எவர் அழைத்துச் சென்றாலும், பணம் கட்டும் முன் எதைக் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும் என்பதற்கு இக்குறிப்புகள் உதவலாம்.

விளம்பரத் தாளில் ‘சோழர் முதல் டேனியர் வரை’ என்று அச்சிட்டிருந்தார்கள். அரசர்களின் பட்டியலை வேனுக்குள் ஒப்பிக்கப் போகிறார்கள் என்றே எதிர்பார்த்தேன். வழிகாட்டியாக வந்த இளைஞர் அதைச் செய்யவில்லை. புறப்பட்ட சற்று நேரத்தில் கையால் வரைந்த ஒரு கடற்கரை வரைபடத்தை ஆளுக்கொன்றாகக் கொடுத்தார். அதில் ஊர்ப் பெயர்களைவிட ஆறுகளின் பெயர்களே பெரிதாக இருந்தன. பூம்புகாரில் காவிரி, தரங்கம்பாடியில் உப்பனாறு, காரைக்காலில் அரசலாறு, நாகூரில் வெட்டாறு, நாகப்பட்டினத்தில் கடுவையாறு, வேளாங்கண்ணியில் வெள்ளையாறு. துறைமுகமாக இருந்த ஒவ்வோர் ஊரும் ஓர் ஆறு கடலில் கலக்கும் இடத்தில் உட்கார்ந்திருப்பதை அந்த ஒரு தாளே சொல்லிவிட்டது. மலையோ குடாவோ இல்லாத, நீளமாகத் தட்டையாகக் கிடக்கும் மணற்கரை இது. ஒதுங்க இடம் தருவது ஆற்றின் வாய் மட்டுமே. அந்த வாயைக் கடல் மணல் கொண்டு அடைக்கும், ஆற்று வெள்ளம் மறுபடி திறக்கும், சில வேளைகளில் ஆறே வேறு பக்கம் திரும்பிப் போய்விடும். ஓர் ஊர் ஓங்கியதற்கும் அடுத்த ஊர் ஒடுங்கியதற்கும் அரசியல் எவ்வளவு காரணமோ, அவ்வளவு காரணம் இந்த மணலும் ஆறும். சுற்றுலாவின் முதல் நாள் முழுவதும் இந்த இழையைப் பிடித்துக்கொண்டு நகர்ந்தது. இரண்டாம் நாள் அதை விட்டுவிட்டது. என் மதிப்பீட்டில் உள்ள ஏற்ற இறக்கமும் அதையே பின்பற்றுகிறது.

பூம்புகாருக்கு வருகிறவர்களில் பலர் கடற்கரையில் சிறிது நேரம் நின்று, 1973இல் திறக்கப்பட்ட சிலப்பதிகாரக் கலைக்கூடத்தின் ஏழு நிலை மாடத்தின் முன் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவதுண்டு. இந்தச் சுற்றுலா கலைக்கூடத்தைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு முதலில் கீழையூருக்கு அழைத்துச் சென்றது. 1960களில் இந்தியத் தொல்லியல் துறை அகழ்ந்தபோது, செங்கல்லால் கட்டிய ஒரு படகுத்துறையும், படகுகளைப் பிணைத்து நிறுத்த நட்டிருந்த பனந்தூண்களின் அடிப்பகுதியும் கிடைத்த இடம் அது. தூணின் மரத்தைக் கரிமக் கணிப்புக்கு உட்படுத்தியதில் கி.மு. 3ஆம் நூற்றாண்டை ஒட்டிய காலம் வந்தது. அந்த ஊர் இன்று கடலிலிருந்து நன்றாக உள்ளே தள்ளி, வயலுக்கும் தென்னைக்கும் நடுவே இருக்கிறது. படகு வந்து நின்ற கால்வாய் எங்கே போயிற்று என்ற கேள்வி அங்கே நிற்கும் எவருக்கும் எழும். வழிகாட்டி உடனே விடை சொல்லாமல் எங்களைக் கடற்கரைக்குக் கொண்டுபோய், காவிரி கலக்கும் இடத்தை முதலில் பார்க்கச் சொன்னார். அகண்ட காவிரி என்று பாடப்பட்ட ஆறு அங்கே ஒரு வாய்க்கால் அளவுக்குச் சுருங்கி, மணல்திட்டு ஒன்றைச் சுற்றிக்கொண்டு கடலுக்குள் போகிறது. வெள்ளத்தின் பெரும்பகுதி மேலேயே கொள்ளிடத்தில் பிரிந்துவிடுவதைச் சொல்லி, நீர் குறைந்த ஆறு தன் வாயைத் திறந்து வைத்துக்கொள்ள முடியாது என்று விளக்கினார். கீழையூரில் எழுந்த கேள்விக்குக் கழிமுகத்தில் விடை கிடைத்தது. இப்படி வரிசைப்படுத்தத் தெரிந்த வழிகாட்டி கிடைப்பது அரிது.

பட்டினப்பாலையில் வரும் சரக்குப் பட்டியலை அவர் பயன்படுத்திய விதமும் நன்றாக இருந்தது. வண்டியில் வந்த மிளகும், வடமலையின் பொன்னும் மணியும், தென்கடல் முத்தும், கீழ்க்கடல் பவளமும் அந்தப் பட்டியலில் உண்டு. முதலில் வருவது கடல் வழியே வந்த குதிரை. முத்தையும் பவளத்தையும் மூட்டையாகத் தலையில் சுமந்து இறக்கிவிடலாம், குதிரையை எப்படி இறக்குவீர்கள் என்று கேட்டார். அலை மறியும் திறந்த கரையில் மிரண்ட குதிரையை இறக்குவது எவ்வளவு பாடு என்று யோசித்தால், ஆற்றுக்குள் அமைதியான நீரில் செங்கல்லால் கட்டிய துறை எதற்கு என்று புரியத் தொடங்குகிறது. நூற்றுக்கணக்கான முறை மேற்கோள் காட்டப்பட்ட அந்தப் பகுதியை இந்தக் கோணத்தில் நான் யோசித்ததில்லை.

பல்லவனேச்சரத்தில் அகழ்ந்தெடுக்கப்பட்ட பௌத்த விகாரையின் செங்கல் அடித்தளத்தை விரைவாகப் பார்த்துவிட்டு, மாநிலத் தொல்லியல் துறையின் ஆழ்கடல் அகழ்வைப்பகத்துக்குச் சென்றோம். 1981இல் தொடங்கிய கடலடி ஆய்வுகளின் தொடர்ச்சியாக 1997இல் திறக்கப்பட்டது அது. அங்கே போகும் வழியில் வேனில் போட்டுக்காட்டிய காணொளியைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். கரையிலிருந்து சுமார் 5 கிலோமீட்டர் தொலைவில், 23 மீட்டர் ஆழத்தில் லாட வடிவில் ஓர் அமைப்பு கண்டறியப்பட்டிருப்பது உண்மை. அதை வைத்துக்கொண்டு பதினோராயிரம் ஆண்டுகளுக்கு முன் மூழ்கிய மாநகரம் என்று பின்னணி இசையோடு முழங்கும் காணொளி அது. அந்த அமைப்பு மனிதர் கட்டியதா என்பதே இன்னும் நிறுவப்படவில்லை. கையில் கீழையூர்ப் படகுத்துறை போன்ற உறுதியான சான்று இருக்கும்போது இந்த வாணவேடிக்கை எதற்கு என்று தெரியவில்லை. வழிகாட்டியிடம் தனியாகக் கேட்டபோது, காணொளி நிறுவனத்தின் விருப்பம் என்று சங்கடத்தோடு சொன்னார். நிறுவனம் அதை நிறுத்திவிட்டால் சுற்றுலாவின் நம்பகத்தன்மை கூடும்.

தரங்கம்பாடிக்குள் 1792இல் புதுப்பித்துக் கட்டிய நகர வாயில் வழியாக நுழைந்தோம். வேனை வெளியே நிறுத்திவிட்டு ராஜ வீதியை நடந்தே கடக்க வைத்தது சரியான முடிவு. அந்தத் தெரு மிகவும் சிறியது. வண்டியில் போனால் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். 1701இல் கட்டிய சீயோன் தேவாலயமும், 1718இல் கட்டிய புதிய எருசலேம் தேவாலயமும் ஒரே வீதியில் நிற்கின்றன. இரண்டாவது தேவாலயத்தைக் கட்டிய கிறித்தவ மறைபணியாளர் சீகன்பால்கு அதற்குள்ளேயே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். 1706 ஜூலையில் இங்கே வந்திறங்கிய அவர் தமிழில் அச்சடித்த கதையை எல்லாரும் சொல்வார்கள். அச்சு இயந்திரம் வந்து சேர்ந்த கதையை எங்கள் வழிகாட்டி சொன்னார். இலண்டனிலிருந்து அதை ஏற்றிவந்த கப்பல் பிரேசில் கரையில் பிரெஞ்சுக்காரரிடம் சிக்கியது. மீட்கப்பட்டுப் பயணம் தொடர்ந்தபோது, உடன் வந்த அச்சர் வழியிலேயே இறந்துபோனார். இயந்திரம் மட்டும் 1712இல் ஆளில்லாமல் வந்து சேர்ந்தது. கடல்சார் மரபு என்ற தலைப்புக்குள் அச்சுக்கலையை எப்படிக் கொண்டுவருவார்கள் என்று நினைத்திருந்தேன்; இப்படித்தான் கொண்டுவர வேண்டும். ஆனால் எங்களுக்குக் கொடுத்த கையேட்டில் சீகன்பால்குவை டேனிஷ்காரர் என்று அச்சிட்டிருக்கிறார்கள். அவர் ஜெர்மானியர். டென்மார்க் மன்னர் அனுப்பிவைத்தார் என்பதால் வந்த குழப்பம் இது. அடுத்த பதிப்பில் திருத்திவிடலாம்.

டேனிஷ் கோட்டைக்கு ஒதுக்கிய நேரம் தாராளமானது. தஞ்சை இரகுநாத நாயக்கரோடு 1620இல் செய்துகொண்ட உடன்படிக்கையின்பேரில் ஓவ கெட்டே என்ற தளபதி கட்டத் தொடங்கிய கோட்டை இது. 1845இல் ஆங்கிலேயருக்கு விற்கப்படும்வரை இருநூறு ஆண்டுகளுக்கு மேல் டேனியர் கையில் இருந்தது. மேல்தளத்தில் மாநிலத் தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் இருக்கிறது. பீங்கான் பாத்திரங்கள், பீரங்கிக் குண்டுகள், திமிங்கலத்தின் எலும்புகள், பழைய ஆவணங்களின் நகல்கள் என்று கண்ணாடிப் பேழைகளில் வைத்திருக்கிறார்கள். எனக்குப் பிடித்தது கீழ்த்தளம். வளைந்த கூரையின் எடையைத் தாங்கும் தடித்த சுவர்களுக்கிடையே கிடங்கும், சமையலறையும், சிறையும் அடுத்தடுத்து இருக்கின்றன. வெளிச்சம் குறைவான அந்தக் கிடங்கில் எங்களை நிறுத்தி, இதில் அடுக்கிய மிளகு மூட்டையும் துணிப் பொதியும் அதோ தெரியும் கடலில் நின்ற கப்பலுக்கு எப்படிப் போயிருக்கும் என்று வழிகாட்டி கேட்டார். கோட்டை இருக்கிறது, கிடங்கு இருக்கிறது, கப்பல் அணையும் துறை எங்கே?

விடை கோட்டைக்கு வெளியே மணலில் சொல்லப்பட்டது. கப்பல்கள் கரைக்கு வரவேயில்லை. ஆழமான நீரில் நங்கூரமிட்டு நின்றன. இடையே அடுக்கடுக்காக மறியும் அலைகளைக் கடந்து ஆளையும் சரக்கையும் கொண்டுபோய்ச் சேர்த்தவை மசூலா படகுகள். நாகப்பட்டினம் பக்கத்தில் இவ்வகைப் படகைச் சலங்கு என்றும் சொல்வார்கள். பலகைகளை ஆணி அடித்து இணைக்காமல், விளிம்பில் துளையிட்டுத் தேங்காய் நார்க் கயிற்றால் தைத்து, தையலுக்கு அடியில் நாரோ வைக்கோலோ வைத்து அடைத்துச் செய்தவை. ஆணி அடித்த படகு மணலில் மோதினால் விறைத்து நின்று பிளக்கும்; தைத்த படகு நெளிந்து கொடுக்கும். ஐரோப்பிய நிறுவனங்களின் கப்பல்கள் எவ்வளவு பெரியவையாக இருந்தாலும் கடைசி ஒரு மைலுக்கு இந்தக் கரையின் படகோட்டிகளை நம்பியே இருந்தன. அவர்கள் கடல் சரியில்லை என்று சொல்லிவிட்டால் ஆளுநராலும் கரை இறங்க முடியாது. தைத்த படகை இன்று இங்கே பார்க்க முடியவில்லை என்பதால் ஒரு சாண் நீளத்துக்குப் பலகையைத் தைத்துச் செய்த மாதிரியைக் கொண்டுவந்திருந்தார்கள். கையில் வாங்கி இரண்டு முனையையும் பிடித்து அழுத்தினால், தையல் முனகுவதும் பலகை சற்றே விலகித் திரும்பப் பொருந்துவதும் தெரிகிறது. இந்தச் சுற்றுலாவில் மிகக் குறைந்த செலவில் செய்த ஏற்பாடு அதுவாகத்தான் இருக்க வேண்டும். மிக அதிகமாகக் கற்றுக்கொடுத்ததும் அதுவே.

அதே இடத்தில் ஒரு சறுக்கலும் நேர்ந்தது. உலகிலேயே ஓசோன் நிறைந்த கடற்கரை தரங்கம்பாடி, இங்கே மூச்சை நன்றாக இழுத்து விடுங்கள் என்று ஓட்டுநரும் வழிகாட்டியும் சேர்ந்தே சொன்னார்கள். பல இடங்களில் இந்த வாசகம் வலம்வருகிறது என்பது தெரியும். தரைமட்டத்தில் ஓசோன் கூடினால் அது நுரையீரலை உறுத்தும் மாசு. அதை இழுத்து விட யாரும் ஆசைப்பட வேண்டியதில்லை. கடற்காற்று நன்றாக இருந்தது, அது போதும்.

கோட்டைக்கு வடக்கே கரையை ஒட்டி நிற்கும் மாசிலாமணிநாதர் கோயில் 1306இல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்தது. அதன் முன்பகுதியைக் கடல் ஏற்கெனவே கொண்டுபோய்விட்டது. எஞ்சியதைக் காக்கக் கற்களைக் கொட்டியிருக்கிறார்கள். ஊருக்குக் கோட்டை வருவதற்கு முன்னூறு ஆண்டுகள் முன்பே இங்கே துறையும் வணிகரும் இருந்ததை அந்தக் கோயிலின் கல்வெட்டு காட்டுகிறது. அதில் ஊரின் பெயர் சடங்கன்பாடியான குலசேகரபட்டினம். டேனியர்தான் இந்த ஊரை உருவாக்கினார்கள் என்ற தோற்றத்தை ராஜ வீதி தந்துவிடும். கோயிலைக் கோட்டைக்குப் பிறகு காட்டியதால் அந்தத் தோற்றம் கலைந்தது.

மாலையில் சந்திரபாடி மீனவர் குடியிருப்புக்குச் சென்றோம். விளம்பரத் தாளில் ஒற்றை வரியில் குறிப்பிட்டிருந்த இந்த நிறுத்தத்துக்காகவே நான் இச்சுற்றுலாவைப் பரிந்துரைப்பேன். கூட்டத்தைக் கொண்டுபோய் இறக்கி மீனவர்களைக் காட்சிப்பொருளாக்கும் வேலை நடக்கவில்லை. வழிகாட்டிக்குப் பழக்கமான ஒரு முதியவர் வலைக் கொட்டகையில் உட்கார்ந்திருந்தார், நாங்களும் உட்கார்ந்தோம். 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக வந்த ஃபைபர் படகுகள் கட்டுமரத்தை எப்படி ஓரங்கட்டின என்பதிலிருந்து பேச்சு தொடங்கியது. கட்டுமரத்தை அவர் ‘மரம்’ என்று மட்டுமே சொன்னார். கடலுக்குப் போய்வந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியாகக் காயப் போடுவதும், மறுநாள் விடியுமுன் சேர்த்துக் கட்டுவதும் அன்றாட வேலையாம். எங்களுக்காக இரண்டு கட்டைகளைச் சேர்த்து வைத்து, கயிற்றைக் குறுக்கே சுற்றி, ஒரு காலால் மிதித்துக்கொண்டு பின்னால் சாய்ந்து இறுக்கிக் காட்டினார். உடம்பின் எடை முழுவதும் அந்த ஒரு முடிச்சுக்குப் போவதைப் பக்கத்திலிருந்து பார்த்தபோது, கட்டு என்பது எவ்வளவு பலம் வேண்டிய வேலை என்று தெரிந்தது.

“பெரியப்பா, அலையை எப்படிப் பார்த்து மரத்தைத் தள்ளுவீங்க?” என்று வழிகாட்டி எடுத்துக்கொடுத்தார்.

“எண்ணிக்கிட்டெல்லாம் நிக்கிறதில்ல தம்பி. பெருசா நாலஞ்சு வந்து அடிச்சா, பின்னாடி கடலுக்குக் கொஞ்சம் சோர்வு விழும். அந்தச் சோர்வுல தள்ளிடணும். யோசிச்சா போச்சு, அடுத்தது வந்து மரத்தப் பெரட்டிடும்.”

சோழகம், கச்சான், வாடை, கொண்டல் என்று காற்றுகளை அவர் ஒவ்வொன்றாகக் கைநீட்டித் திசை காட்டிச் சொன்னதை நாங்கள் வரைபடத்தின் ஓரத்தில் குறித்துக்கொண்டோம். முன்பு கரையிலிருந்தபடியே நீரின் நிறத்தையும் பறவைகளின் போக்கையும் வைத்து மீன் இருக்கும் இடத்தைக் கணியம் பார்த்தவர்கள், இப்போது எதிரொலிக் கருவியையும் ஜிபிஎஸ்ஸையும் பார்ப்பதை அவர் குறையாகச் சொல்லவில்லை. இரண்டும் வேண்டும் என்பதே அவர் நிலை. அவருக்கு நிறுவனம் ஏதாவது கொடுக்கிறதா என்று விசாரித்தேன். ஒவ்வொரு முறையும் ஒரு தொகை கொடுப்பதாக வழிகாட்டி சொன்னார். அந்தத் தொகையைக் கட்டணப் பட்டியலிலேயே அச்சிட்டுவிடலாம். பயணிகள் தாங்களாகக் காசை நீட்டிச் சங்கடப்படுத்துவது குறையும்.

அன்றைய நிகழ்ச்சியில் இருந்த கழிமுகப் படகுப் பயணம் மட்டும் நடக்கவில்லை. வந்த படகில் எல்லாருக்கும் உயிர்காப்பு உடுப்பு இல்லை என்று பார்த்து, வழிகாட்டி அதை ரத்து செய்தார். அவர் செய்தது முற்றிலும் சரி. மீன்பிடிப் படகில் பயணிகளை ஏற்றிச் செல்லும் திட்டத்தை, உரிய ஏற்பாடு எதுவும் இல்லாமல் விளம்பரத் தாளில் முதல் வரியாகப் போட்ட நிறுவனம்தான் தவறு செய்தது. அதற்கான பணத்தைத் திருப்பித் தருவது பற்றிப் பேச்சே எழவில்லை.

காரைக்காலைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. 1739 முதல் 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஊரை இரவு உணவுக்கும் தங்கலுக்கும் மட்டுமே பயன்படுத்திக்கொண்டார்கள். மறுநாள் விடியலில் அரசலாறு கலக்கும் இடத்துக்கு விருப்பமுள்ளவர்கள் நடந்து போய்வந்தோம். விடுதி சுத்தமாக இருந்தது. கிழங்கான் வறுவலும் சங்கரா மீன் குழம்பும் நன்றாக இருந்தன. சைவம் சாப்பிடுகிறவர்களுக்குச் சாம்பாரும் அப்பளமும் மட்டுமே என்பது இந்தக் கட்டணத்துக்குப் போதாது.

இரண்டாம் நாள் நாகூரில் நல்லபடியாகத் தொடங்கியது. தர்காவின் ஐந்து மினாராக்களில் மிக உயரமானது 131 அடி. கட்டிக்கொடுத்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங். கடலிலிருந்து பார்க்கும் கண்ணுக்கு இந்தத் தட்டையான கரையில் எந்த ஊர் என்று அடையாளம் சொல்லக்கூடியவை இப்படிப்பட்ட உயரங்களே. கந்தூரி விழாவின்போது நாகப்பட்டினத்திலிருந்து நாகூருக்கு வரும் ஊர்வலத்தில் ரதங்கள் கப்பல் வடிவத்தில் இருப்பதையும், மலாயாவுக்கு வணிகம் செய்யப் போனவர்கள் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் இதே தர்காவின் நினைவாக எழுப்பிய கட்டடங்கள் இன்றும் இருப்பதையும் வழிகாட்டி சேர்த்துச் சொன்னார்.

நாகப்பட்டினத்தில் அவருக்குக் கடினமான வேலை, ஏனென்றால் காட்ட வேண்டியவற்றில் பெரும்பகுதி இப்போது இல்லை. சுமத்ராவை மையமாகக் கொண்ட ஸ்ரீவிஜயத்தின் அரசன் சூளாமணிவர்மன் பெயரில் எழுந்த பௌத்த விகாரத்துக்கு ராஜராஜன் ஆனைமங்கலத்தை வழங்கினான். அந்தக் கொடையைச் செப்பேட்டில் பதித்து முறைப்படுத்திய ராஜேந்திரனே பின்னர் 1025இல் அதே ஸ்ரீவிஜயத்தின் மீது கப்பற்படையை அனுப்பினான். அந்தச் செப்பேடுகள் நெதர்லாந்துக்குப் போய், லைடன் செப்பேடுகள் என்றே பெயர் பெற்றுவிட்டன. மாலுமிகளுக்கு அடையாளமாக ஊருக்கு வடக்கே நெடுங்காலம் நின்ற செங்கல் கோபுரம் 1867இல் இடிக்கப்பட்டது. 1658இல் போர்த்துகீசியரிடமிருந்து ஊரைப் பிடித்த டச்சுக்காரர்கள் 1690இல் பழவேற்காட்டிலிருந்து தங்கள் தலைமையிடத்தை இங்கே மாற்றினார்கள்; 1781இல் அதுவும் ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. இவ்வளவையும் வெற்றிடத்தின் முன் நின்று சொல்லிப் புரியவைக்க, 19ஆம் நூற்றாண்டில் வரையப்பட்ட அந்தக் கோபுரத்தின் கோட்டோவிய நகலை அவர் கையோடு கொண்டுவந்திருந்தார். ஆனாலும் அரை மணி நேரத்தில் ஆயிரம் ஆண்டுகளைக் கடப்பது எவராலும் ஆகாது.

எங்கள் குழுவில் இருந்த எழுபது வயதைத் தாண்டிய ஒரு அம்மா, ரஜூலா கப்பலின் பெயரைக் கேட்டதும் பேசத் தொடங்கினார். சென்னையிலிருந்து புறப்பட்டு நாகப்பட்டினத்தில் ஆளேற்றிக்கொண்டு பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போய்வந்த கப்பல் அது. அவருடைய தகப்பனார் அதில் போனவர். கப்பல் தொலைவில் நிற்க, தகரப்பெட்டியோடு படகில் போய் ஏறியதைச் சொல்லிச் சொல்லி வளர்த்திருக்கிறார். தரங்கம்பாடி மணலில் முந்தின நாள் கேட்ட அதே ஏற்பாடு இருபதாம் நூற்றாண்டிலும் தொடர்ந்திருக்கிறது என்பதை, அச்சடித்த கையேடு எதுவும் இல்லாமல் எங்களுக்குச் சொன்னவர் அவர்தான். அதன்பின் வந்த எம்.வி. சிதம்பரம் 1985இல் தீப்பிடித்ததோடு அந்தக் கடல் வழிப் பயணம் முடிந்துபோனது. இப்போது 2023 அக்டோபரில் தொடங்கிய, இலங்கையின் காங்கேசன்துறைக்குப் போகும் பயணிகள் கப்பலால் நாகப்பட்டினத் துறைமுகத்தில் மறுபடி பயணப்பெட்டிகள் தென்படுகின்றன. வழிகாட்டி அவரைப் பேசவிட்டு ஒதுங்கி நின்றார். அவருடைய தொழிலில் அதுவும் ஒரு திறமை.

இதன்பிறகு கையை விட்டு நழுவியது. வேளாங்கண்ணிக்கு ஒரு மணி நேரம் என்று தாளில் இருந்தது, ஆனால் மூன்று மணி நேரத்துக்கு மேல் போயிற்று. பேராலயத்துக்கு வேண்டுதலோடு வந்தவர்கள் குழுவில் இருந்தார்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது. நேரத்தை விழுங்கியது அதற்கடுத்து ஓட்டுநர் வற்புறுத்தி அழைத்துச் சென்ற கைவினைப் பொருள் கடை. தொலைதூரத் தொழிற்சாலையில் வார்த்த சிப்பி விளக்குகளையும் பிளாஸ்டிக் கப்பல்களையும் வாங்குவதற்காக முக்கால் மணி நேரம் நின்றோம். புயலில் தப்பிய போர்த்துகீசிய மாலுமிகள் கட்டியதாகச் சொல்லப்படும் ஆலயம் இது. கடல்சார் மரபுக்கு இதைவிடப் பொருத்தமான கதை வேண்டியதில்லை. அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல் கடந்தோம், ஏனென்றால் வழிகாட்டி அந்த நேரம் முழுவதும் காணாமல் போனவர்களைத் தேடிக்கொண்டிருந்தார்.

விளைவாக, வேதாரண்யத்தைத் தாண்டும்போது பொழுது சாய்ந்துவிட்டது. 1930இல் இராஜாஜி தலைமையில் உப்பு அள்ளிய அகத்தியம்பள்ளி நினைவிடத்தை வேனின் சன்னல் வழியே பார்த்தோம், அல்லது பார்த்ததாக நம்பினோம். கரை மேற்கே திரும்பிப் பாக் நீரிணையாகும் முனையில் இருக்கிறது கோடிக்கரை. 1967இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட வெளிமான் காடும், குளிர்காலத்தில் பூநாரைகள் இறங்கும் உப்பளச் சதுப்பும் சேர்ந்த இடம். சோழர் காலத்தது என்று சொல்லப்பட்ட பழைய கலங்கரை விளக்கத்தின் எச்சம் 2004 சுனாமியில் சரிந்து விழுந்தது. இவற்றில் எதையும் பார்க்க வெளிச்சம் இல்லை. கரையில் பத்து நிமிடம் நின்றுவிட்டுத் திரும்பினோம். கோடிக்கரை வரை என்று தலைப்பிலேயே போட்டுக்கொள்ளும் சுற்றுலாவில் இதை ஏற்க முடியாது.

வேன், ஓட்டும் விதம், குடிநீர், கழிப்பறைக்கான நிறுத்தங்கள் ஆகியவற்றில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. முழங்கால் வலி உள்ளவர்களுக்குக் கோட்டையின் படிகளும் மணலில் நடையும் சிரமம் தரும். முன்கூட்டியே சொன்னால் நாற்காலி எடுத்து வருகிறார்கள். கையேட்டின் வரைபடங்கள் பாதுகாத்து வைக்கத்தக்கவை. முதல் நாளை மட்டும் தனியாக 3,000 ரூபாய்க்கு நடத்தினால் தயங்காமல் பணம் கட்டச் சொல்வேன். இரண்டு நாளும் போகிறவர்கள், வேளாங்கண்ணியில் எவ்வளவு நேரம் என்பதையும் கடை நிறுத்தம் உண்டா என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. நான்கைந்து பேராகச் சேர்ந்து கேட்டால் கடையைத் தவிர்த்துவிடுவதாக, கருத்துப் படிவத்தைப் பார்த்தபின் தொலைபேசியில் சொன்னார்கள். படகுப் பயணத்துக்கான தொகை பற்றிய பதில் இன்னும் வரவில்லை.

போகும் மாதத்தையும் யோசித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையும் புயலும் இந்தக் கரையின் வழக்கம். மழை ஓய்ந்த ஜனவரி, பிப்ரவரியில் கோடிக்கரைப் பறவைகளும் கிடைக்கும், வெயிலும் தாங்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் என்பதால் ஏலக் கூடங்கள் வெறிச்சோடியிருக்கும் என்று சொல்லி, நிறுவனம் அந்த மாதங்களில் கட்டணத்தைக் குறைக்கிறது. படகுகளில் ஆர்வம் உள்ளவர்கள் அந்தக் குறைந்த கட்டணத்தைப் பயன்படுத்திக்கொள்ளலாம். விசைப்படகுகளைக் கரையேற்றி, அடிப்பலகையைச் சுரண்டி, பழுது பார்த்து, வண்ணம் பூசும் வேலை நடப்பது அப்போதுதான். மற்ற மாதங்களில் நீருக்குள் மறைந்திருக்கும் பாதிப் படகை அருகில் போய்ச் சுற்றிப் பார்க்கலாம். கேட்பவர்களுக்குப் பதில் சொல்ல அந்த நாட்களில் கரையில் ஆட்களும் இருப்பார்கள்.